செத்தவன் றேடியோவுக்கு அறிவித்தல் குடுப்பானோ?

தம்பி, நெற்வேர்க் எஞ்சினியர் ஐயா, அந்தக் கதிரையை இழுத்துப் போட்டுக் கொஞ்சம் இரும். கண் ரெண்டும் சிவந்து கிடக்கு. இரவு முழுக்க உம்மட போன் கிணுகிணுத்தது எனக்கும் கேட்டது. பக்கத்து அறையில கிழவன் ஒருத்தன் படுக்கிறான் எண்ட நினைப்பு உமக்கு இல்லாட்டிலும் போனுக்காவது இருந்திருக்கலாம். கந்தோரில இருக்கிற சுவிற்ச், றூட்டர் எல்லாம் தங்களுக்கு ஒண்டு நடந்தா உடன உமக்குச் சொல்லோணும் எண்டு ஏதோ பூட்டியிருக்கிறீராம். நல்ல விசயம். சொல்லிச்சுதுகள்தானே? விடிய விடியச் சொல்லிச்சுதுகள்.

இந்தக் கிழவனுக்கு இதில என்ன தெரியும் எண்டு பாக்கிறீர். ராசா, வந்த நாள் துவக்கம் என்ர விறாந்தையில இருந்துகொண்டு கொழும்போட போனில கத்திறீர். நான் காதுக்குள்ள பஞ்சோ அடைக்கிறது? நீர் பிறின்ற் எடுத்துக் கட்டி வைச்ச கடதாசிக் கட்டையும் வாசிச்சுப் போட்டன். நீர் அதைத் திறக்கேல்லை எண்டு முதல் பக்கத்தைப் பாக்கவே தெரிஞ்சது. மடிப்புக்கூட விழேல்லை.

அதில எழுதியிருந்தது: எஸ்.என்.எம்.பி. எண்ட இந்த முறை 1988இல வந்ததாம். நாலு பேர் சேர்ந்து அதைத் திருத்தி 1990 மே மாசம் 1157ஆம் இலக்க ஆவணமா வெளியிட்டாங்களாம். உலகத்தில இருக்கிற பெட்டி எல்லாம் தன்ர சுகதுக்கத்தைத் தானே சொல்லுறதுக்கு வழி. அதே வருசம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில லேர்ண்மெயில் எண்டு மின்னஞ்சலும் துவங்கிச்சுது. எங்களுக்கு என்ன நடந்தது? ஆவணம் வந்து அடுத்த மாசம், யூன் 13ஆந் திகதி, யாழ்தேவி ரெயில் சண்டையால நிண்டது. திரும்ப யாழ்ப்பாண ஸ்ரேசனுக்கு வந்து சேர 2014 ஒக்டோபர் 13 ஆச்சு. இண்டைக்குத் திருநெல்வேலியில இருக்கிற எங்கட பல்கலைக்கழகமும் அந்த லேர்ண் வலையமைப்புக்குள்ளதான். ஆனா அந்தப் பெட்டியள் கதைக்கப் பழகின நேரம் நாங்கள் ஜாம் போத்தலுக்குள்ள திரி விட்டு மண்ணெண்ணெய் விளக்குக் கொளுத்திக்கொண்டு இருந்தனாங்கள். அதால ஒரு செய்தி எப்பிடி வரும், எப்பிடி வராமப் போகும் எண்டதில எங்களுக்குக் கொஞ்சம் கூடப் பழக்கம்.

இதில ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, உம்மட சேர்வர் ஒவ்வொரு பெட்டியட்டையும் போய் ‘எப்பிடிச் சுகம்?’ எண்டு கேக்கிறது. அதுக்கு 161ஆம் போர்ட். மற்றது, பெட்டி தானா ‘ஐயோ, என்ர வயர் போச்சு’ எண்டு கத்திறது. அதுக்குப் பேர் ட்ராப். 162ஆம் போர்ட்டுக்கு வரும். நீர் முதலாவதை ‘பழைய முறை, சேர்வருக்குப் பாரம்’ எண்டு சொல்லி நிப்பாட்டிப் போட்டு ரெண்டாவதை மட்டும் நம்பி இருக்கிறீர். போனில நீர் அதைப் பெருமையாச் சொன்ன நேரம் நான் வெத்திலையைத் துப்பிப்போட்டுச் சிரிச்சனான். நீர் இருமல் எண்டு நினைச்சீர்.

இலங்கை வானொலியில மரண அறிவித்தல் வாசிச்சது கேட்டிருக்கிறீரோ? உங்களுக்கு இப்ப எல்லாம் வாட்ஸ்அப்பில வருது. அப்ப றேடியோதான். இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் எண்டு துவங்கினா, குசினியில அரிசி அரிக்கிற கை நிக்கும். வாசிக்கிறவர் வாசிச்சிட்டுப் போவார். ஊரில ஆர் கேட்டது, ஆர் கேக்கேல்லை எண்டு அவர் விசாரிக்கிறேல்லை. உம்மட ட்ராப்பும் உதுதான். யூ.டி.பி.யில எறிஞ்சிட்டு அந்தப் பெட்டி தன்ர வேலையைப் பாக்கப் போயிடும். சேர்ந்ததோ எண்டு திரும்பிப் பாக்காது.

சரி, வாசிக்கிறவர் வாசிக்கட்டும். கேக்கிறதுக்கு இஞ்ச றேடியோ ஓடோணும் எல்லோ? தொண்ணூறுக்குப் பிறகு கரண்ட் இல்லை, பற்றரியும் வரவிடாத சாமான். சைக்கிளைக் கவிட்டுப் போட்டு ஒரு பெடியன் கையால பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து வயர் இழுத்துத்தான் றேடியோ கேட்டனாங்கள். பெடியன் மூக்கைச் சொறிஞ்சா றேடியோ நிண்டு போம். அந்த அரை நிமிசத்துக்குள்ள உம்மட மாமியின்ர சொந்தத்தில ஆரும் காலமாகியிருந்தா நாங்கள் எட்டுச் செலவுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பம்.

உம்மட சேர்வரில அந்தப் பெடியன்ர பேர் எஸ்.என்.எம்.பி. ட்ராப்-டி. அவன் சுத்தினாத்தான் 162இல வாறது காதில விழும். நீர் அவனைக் கையால துவக்கிவிட்டீர். சேர்வர் நிண்டு திரும்ப எழும்பினா அவனும் தானா எழும்போணும் எண்டு எழுதி வைக்கேல்லை. அவன் கேட்டதை ஒரு சின்னப் பேர்ள் நிரல் எடுத்து ஒரு பைலில எழுதும். அந்தப் பைலை உம்மட கண்காணிப்பு நிரல், சபிக்ஸ், வாசிக்கோணும். லத்வியாக்காரன் ஒருத்தன், அலெக்ஸி விளாடிஷேவ், 2001இல ஊருக்குச் சும்மா குடுத்த சாமான், நல்ல சாமான். ஆனா ட்ராப் பைலை வாசிக்கிற ஆளை அவன் வரேக்க சைபரில வைச்சுத்தான் அனுப்புறான். சேர்வரின்ர அமைப்புக் கோப்பில அந்தச் சைபரை ஒண்டாக்கி, சேர்வரைத் திருப்பி எழுப்போணும். முதல் கிழமை முழுக்க ‘ஒண்டும் வரேல்லை, நெற்வேர்க் நல்ல சுகமா இருக்கு’ எண்டு மேலிடத்துக்கு அறிக்கை எழுதினீரே, அந்தச் சைபர்தான் அந்தச் சுகம்.

பேந்து ஒரு கூத்து நடந்தது. இந்த ட்ராப்-டி 5.3ஆம் பதிப்புக்குப் பிறகு கண்டவன் சொல்லுறதை எல்லாம் கேக்கிறேல்லை. ஆரிட்ட இருந்து வாறதை ஏற்கலாம், ஏற்று என்ன செய்யலாம் எண்டு நீர் எழுதிக் குடுக்கோணும். மூண்டு அனுமதி: லொக்கில எழுது, வேற நிரலைக் கூப்பிடு, இன்னொரு சேர்வருக்கு அனுப்பு. மூண்டில எது தேவையோ அதை மட்டும் எழுதினாப் போதும். அதுக்குக் கூட்டுப்பேர் ஒண்டு, கொம்யூனிட்டி எண்டு, வைக்கச் சொல்லியிருக்கு. உமக்கு அது விளங்க நேரமில்லை. எங்கையோ கிடந்த ‘ஒருத்தரையும் சோதிக்காதை’ எண்ட வரியைக் கொண்டுவந்து ஒட்டிப்போட்டு, ‘வேலை செய்யுது மாமா’ எண்டு கையைத் தட்டினீர். வேலை செய்யும்தானே. படலையைக் கழட்டி வைச்சா ஆர்தான் உள்ளுக்கு வராது?

அதைத் திருத்தச் சொல்லிக் கொழும்பில இருந்து ஏச்சு விழுந்த பிறகு கூட்டுப்பேர் வைச்சீர். என்ன பேர்? ‘பப்ளிக்’. பெட்டி செய்தவன் பெட்டியோட அனுப்பின பேர். உலகத்தில எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே கடவுச்சொல்லைத் தேடிப் பிடிச்சு வைச்சிருக்கிறீர், கெட்டிக்காரன். எஸ்.என்.எம்.பி.யின்ர ரெண்டாம் பதிப்பில அந்தப் பேர் வயரில வெளிச்சமாத்தான் போகும், ஆரும் வாசிக்கலாம். உயிரோட இருக்கிற ஆளுக்கு மரண அறிவித்தல் குடுத்து, ஆக்கள் மாலையோட வீட்டு வாசலில வந்து நிண்ட கதை எங்கட பக்கத்தில ஒண்டு ரெண்டு இல்லை. உம்மட கன்ரீன் வை-பையில இருக்கிற பெடியன் ஒருத்தன் நினைச்சா, பிரதான றூட்டர் காலமானார் எண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் அறிவித்தல் விடுவான். நீர் மாலையோட ஓடுவீர்.

மூண்டாம் பதிப்பு எண்டு ஒண்டு 2002 டிசம்பரில ஒழுங்கா வந்திட்டுது. பேர், கடவுச்சொல், மறைச்சு அனுப்புறது எல்லாம் அதில இருக்கு. அதில உம்மைப் போல ஆக்கள் இடறுப்படுற இடம் ஒண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் எஞ்சின் ஐ.டி. எண்டு ஒரு நீட்டு இலக்கம். ட்ராப் எண்டா அனுப்புற பெட்டியின்ர அந்த இலக்கத்தை வாங்கிற பக்கத்தில முதலே எழுதி வைக்கோணும். இல்லாட்டி கடவுச்சொல் சரியா இருந்தாலும் ட்ராப்-டி வாயைத் திறக்கான். பெட்டியை மாத்தினா இலக்கமும் மாறும். இதை அலுமாரிக் கதவில எழுதி ஒட்டும்.

வந்த அறிவித்தலை வாசிக்கவும் தெரியோணும். நேற்று உம்மட போனில நான் பாத்தனான், கண்ணாடி போட்டுத்தான் பாத்தனான்: 1.3.6.1.6.3.1.1.5.3. இதென்ன, கொழும்புக்கு ரெலிபோன் நம்பரோ எண்டு கேட்டனான். உமக்கும் தெரியேல்லை. ‘லிங்க் டவுன்’, ஒரு போர்ட் விழுந்திட்டுது எண்டு அர்த்தம். கடைசி மூண்டு நாலா மாறினா எழும்பிட்டுது எண்டு அர்த்தம். ஒண்டு எண்டா பெட்டி புதுசா உயிர்த்திருக்கு. பெட்டி செய்தவனுக்கெண்டும் தனி இலக்கம் இருக்கு: சிஸ்கோவுக்கு 9, மைக்றோரிக்குக்கு 14988. அவரவர்ர மிப் பைலைக் கொண்டுவந்து சேர்வரில போட்டா இந்த இலக்கம் எல்லாம் சொல்லா மாறும். அதைப் போடாமல் இலக்கமா வாங்கிக்கொண்டிருக்கிறது, செத்தவன்ர பேரைச் சொல்லாமல் அடையாள அட்டை நம்பரை மட்டும் வாசிக்கிற அறிவித்தல்.

இன்னொண்டு, ட்ராப்புக்குள்ள மணி நேரம் இராது. பெட்டி எழும்பி எவ்வளவு காலம் எண்டதுதான் முதலாவதா வரும், அதுவும் செக்கனின்ர நூறில ஒரு பங்குக் கணக்கில. அந்தக் கணக்கு 497 நாளில நிரம்பித் திரும்பச் சைபரில துவங்குமாம், கவனமா இருக்கச் சொல்லிக் கடதாசியில போட்டிருக்கு. அதை வாசிச்சிட்டு நான் கனநேரம் சிரிச்சனான். யாழ்ப்பாணத்தில 497 நாள் நிக்காமல் ஓடின பெட்டி இருந்தா அதுக்கு நல்லூரில ஒரு அருச்சினை செய்யலாம்.

விலாசத்தையும் பாரும். சபிக்ஸ், ட்ராப் வந்த ஐ.பி. விலாசத்தை வைச்சுத்தான் இது ஆற்ற வீட்டுச் செய்தி எண்டு பிடிக்குது. உம்மட சாவகச்சேரி றூட்டருக்கு மூண்டு நாலு விலாசம். நீர் பதிஞ்சு வைச்சது ஒண்டு, அது அனுப்பினது வேறொண்டில இருந்து. சபிக்ஸ் ‘இப்பிடி ஒரு ஆளை எனக்குத் தெரியாது’ எண்டு அதைப் புறம்பா லொக்கில போட்டிட்டு இருந்திட்டுது. றூட்டரில, ட்ராப் எல்லாம் இந்த ஒரு விலாசத்தில இருந்துதான் போகோணும் எண்டு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. அந்த ஒரு வரிக்கு நீர் சாவகச்சேரிக்கு மோட்டச்சைக்கிளில போய் வந்தனீர், பெற்றோல் விக்கிற விலையில.

இனி இரவுக் கதைக்கு வருவம். கந்தோர் பின்னேரம் 4.15க்கு விடும். விட்டவுடன எல்லாரும் கொம்பியூட்டரை நிப்பாட்டுவினம், அதில மட்டும் எங்கட அரசாங்க உத்தியோகத்தர் ஒரு நிமிசமும் பிந்துறேல்லை. ஒவ்வொரு கொம்பியூட்டர் நிக்கவும் ஒவ்வொரு போர்ட் விழும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு அறிவித்தல். வீட்ட போற சனத்துக்கெல்லாம் மரண அறிவித்தல் விடுற றேடியோவை எவன் திறந்து வைப்பான்? மேசைக்குப் போற போர்ட்டுகளில அந்த அறிவித்தலை நிப்பாட்டும். அதுக்குச் சுவிற்சிலயே போர்ட் போர்ட்டா இடம் இருக்கு. கிளைக்குக் கிளை போற வழி, சேர்வர் தொங்கிற போர்ட், இதுகளுக்கு மட்டும் வைச்சிரும்.

இரவு வந்ததோ அதைவிட மோசம். எங்கையோ ஒரு வயர் சரியா இறுக்கேல்லை. விழுந்திட்டுது, எழும்பிட்டுது, விழுந்திட்டுது, எழும்பிட்டுது. பாடை கட்ட முதல் எழும்பி இருந்து தேத்தண்ணி கேக்கிற பிணத்துக்கு எத்தினை தரம் பறை அடிக்கிறது? ஒரே போர்ட் அஞ்சு நிமிசத்துக்குள்ள இத்தினை தரத்துக்கு மேல ஆடினா, ‘இந்த வயர் ஆடுது’ எண்டு ஒரே ஒரு செய்தி விடச் சொல்லி சபிக்ஸில எழுதலாம். நீர் எழுதேல்லை. மூண்டு மணிக்குப் போனைத் தலையணைக்குக் கீழ வைச்சிட்டுப் படுத்திட்டீர். அப்ப உண்மையா ஒண்டு செத்திருந்தாலும் தலையணைக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.

இப்ப நான் உம்மைக் கூப்பிட்டு இருத்தின விசயத்துக்கு வாறன். தேத்தண்ணியைக் குடியும், ஆறுது.

செத்தவன் றேடியோவுக்குப் போய்த் தன்ர அறிவித்தலைத் தானே குடுப்பானோ? குடான். பக்கத்து வீட்டுக்காரன்தான் குடுக்கோணும். உம்மட சுவிற்சுக்குக் கரண்ட் போனா அது ட்ராப் அனுப்பாது; அனுப்ப உயிர் இல்லை. அதோட வயரில பிணைஞ்ச மற்றச் சுவிற்ச்தான் ‘என்ர போர்ட் விழுந்திட்டுது’ எண்டு சொல்லும். அந்த மற்றதும் அதே அறையில, அதே கரண்டில நிண்டா? ரெண்டும் சேர்ந்து போச்சு. உமக்கு ஒரு செய்தியும் வராது. நீர் ‘சத்தம் இல்லை, எல்லாம் சுகம்’ எண்டு இருப்பீர். ஒரே குடும்பத்தில எல்லாரும் போனா அறிவித்தல் குடுக்க ஆள் இல்லை, தம்பி.

இந்த நாட்டில இது நடவாத காரியமோ? 2022இல ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினவை. 2025 மாசி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முழு நாடும் இருண்டது. பாணந்துறையில குரங்கு ஒண்டு உப மின் நிலையத்து மின்மாற்றியில தொட்டுப்போட்டுது எண்டு அமைச்சரே சொன்னவர். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நிண்டு, பேந்து நாளுக்கு ஒண்டரை மணித்தியாலம் முறை வைச்சு வெட்டினவை. அந்தக் குரங்கு ஆருக்கும் ட்ராப் அனுப்பிப்போட்டுத் தொடேல்லை. அண்டைக்கு இந்தத் தீவில எத்தினை சுவிற்ச் வாய் திறக்காமல் செத்திருக்கும் எண்டு யோசியும்.

நீர் கையைத் தூக்கிறது தெரியுது. ‘மாமா, புதுப் பெட்டியள் சாகேக்கையும் சொல்லும்’ எண்டு சொல்லப் போறீர். சொல்லும்தான். ஃபைபர் இணைப்புக்கு வீட்டில பூட்டுற பெட்டியிலயும், சில றூட்டரிலயும், கரண்ட் போன உடன உள்ளுக்கு இருக்கிற மின்தேக்கியில மிச்சம் இருக்கிற கொஞ்ச உயிரில ‘நான் போறன்’ எண்டு ஒரு வார்த்தை விட்டிட்டுச் சாகிற ஏற்பாடு இருக்காம். வாசிக்க எனக்கே ஒரு மாதிரிப் போச்சு. ஆனா அந்த வார்த்தை போற வழியில இருக்கிற அடுத்த சுவிற்சுக்கும் கரண்ட் இல்லையெண்டா அதை ஆர் கொண்டுபோறது? உமக்கு அதைவிட நல்ல ஆள் யூ.பி.எஸ். நெற்வேர்க் அட்டை பூட்டின யூ.பி.எஸ். எண்டா, கரண்ட் போச்சு, இனிப் பற்றரியில ஓடுறன் எண்டு அது உயிரோட இருக்கேக்கையே சொல்லும். அந்த ஒரு ட்ராப் உம்மட மற்றது எல்லாத்தையும் விடப் பெறுமதி. ஆனா உம்மட கந்தோர் யூ.பி.எஸ்.இன்ர பற்றரி உப்பி, மூடி பூட்ட முடியாமக் கிடக்கு எண்டு நீரே சொன்னனீர். மாத்தக் காசில்லை எண்டு மேல ஒரு ஐயா கடதாசியில குறிச்சு அனுப்பினவராம்.

அப்ப என்ன செய்யிறது? நீர் நிப்பாட்டின அந்தப் பழைய முறையைத் திரும்பத் துவக்கும். சேர்வர் ஒவ்வொரு நிமிசமும் போய்க் கேக்கட்டும். மூண்டு தரம் கேட்டும் பதில் இல்லையெண்டா ஆளில்லை எண்டு எடுக்கட்டும். ட்ராப் கெதியா வரும், ஆனா வராமலும் போகும். கேக்கிறது ஆறுதலா வரும், ஆனா மௌனத்தையும் பிடிச்சுக்கொண்டு வரும். ரெண்டும் வேணும். நெடுந்தீவுக் கிளையை நினைச்சுப் பாரும். அது வாய் திறக்கேல்லை எண்டா நீர் குறிகட்டுவானுக்குப் போய், படகேறி, ஒரு மணித்தியாலம் போல கடலில ஆடி, சோளகக் காத்துக் காலம் எண்டா சத்தியும் எடுத்துப் போய்ப் பாத்தா, அங்க ஆரோ மின்விசிறி பூட்டிறதுக்காகப் பிளக்கைக் கழட்டியிருப்பினம்.

உம்மட சேர்வரையும் ஆர் பாக்கிறது? வாசிக்கிற மனுசனே போயிட்டா அவற்ற அறிவித்தலை ஆர் வாசிக்கிறது? கொழும்புக் கந்தோரில ஒரு சின்னப் பெட்டியை வைச்சு, யாழ்ப்பாணச் சேர்வர் உயிரோட இருக்கோ எண்டு மட்டும் கேக்கச் சொல்லும். அவைக்கும் எங்களைப் பற்றி விசாரிச்சுப் பழக்கம் வரட்டும்.

முக்கியமான நாலஞ்சு பெட்டிக்கு இன்ஃபோர்ம் எண்ட வகையை வையும். அது ட்ராப் மாதிரி எறிஞ்சிட்டுப் போகாது. கிடைச்சுது எண்டு பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும். அதுக்காக எல்லாத்துக்கும் அதை வையாதையும். பதில் வரும்வரை பெட்டி அதை ஞாபகத்தில தூக்கிக்கொண்டு இருக்கோணும், உம்மட கந்தோர்ப் பழைய சுவிற்சுகளுக்கு ஞாபகசக்தி என்னைவிட மோசம். மூண்டாம் பதிப்பில இன்ஃபோர்ம் வைச்சா எஞ்சின் ஐ.டி. கதை தலைகீழ், வாங்கிற பக்கத்து இலக்கம்தான் கணக்கு. மறந்திடாதையும்.

எல்லாம் பூட்டின பிறகு கொமாண்ட் ஒண்டு அடிச்சுப் பொய்யா ஒரு ட்ராப் அனுப்பிப் பாத்திட்டு ‘வருது’ எண்டு எழும்பிப் போயிடுவீர். அது சேர்வர் தனக்குத் தானே சொன்னது. வழியில இருக்கிற ஃபயர்வோல் 162ஐ யூ.டி.பி.க்குத் திறந்ததோ எண்டு அதில தெரியாது. பருத்தித்துறைக் கிளைக்குப் போய், ஒருத்தருக்கும் சொல்லாமல், வேலை நேரத்தில நடு வயரைக் கையால பிடுங்கும். பிடுங்கிப்போட்டுப் போனைப் பாரும். முதல் வாறது ட்ராப்போ, இல்லாட்டி அங்க இருக்கிற மனேச்சற்ற ஏச்சோ எண்டு பாத்தா, உம்மட வேலை எவ்வளவு முடிஞ்சுது எண்டு விளங்கும்.

கடைசியா, இந்தச் செய்தியெல்லாம் ஆற்ற போனுக்கு வரோணும் எண்டது. இப்ப உம்மட நம்பர் மட்டும்தான் இருக்கு. நல்லூர் கொடியேறினா இருவத்தஞ்சு நாளும் போனை வீட்டில வைச்சிட்டு வேட்டியோட வீதி சுத்துற ஆள் நீர். ரெண்டாவது நம்பர் ஒண்டு போடும். கீழ வேலை செய்யிற பெடியன்ர நம்பரைப் போட்டு அவனையும் நித்திரை முழிக்க வையாதையும், பாவம், அவனுக்குச் சம்பளமும் குறைவு. யூ.பி.எஸ். பற்றரி மாத்தக் காசில்லை எண்டு குறிச்சு அனுப்பின ஐயா இருக்கிறார் எல்லோ, அவற்ற நம்பரைப் போடும். பற்றரிச் செய்தி மட்டும் அவருக்குப் போகட்டும். இரவு ரெண்டு மணிக்குக் கரண்ட் போய்ப் போய் வாற கிழமையாப் பாத்துத் துவக்கும். ரெண்டு இரவு போதும், மூண்டாம் நாள் லொறியில பற்றரி வந்து இறங்கும். வந்தா ஒண்டை இஞ்ச கொண்டாரும், என்ர இன்வேர்ட்டரும் இப்ப ஒரு மாதிரித்தான் ஓடுது.